சிறு அச்சகங்களின் கணிப்பொறிக் காவல்: ஒப்பிட்டறியும் முறை

நம் சங்கங்களுக்கு அச்சகத்தின் உதவி வேண்டாத மாதம் இல்லை. பங்குச் சான்று, கணக்குப் புத்தகம், அங்கத்தினர் அடையாள அட்டை, பேரவைக் கூட்ட அறிவிப்பு, ஆண்டறிக்கை, நெசவாளர் கூலிப் புத்தகம், சேலையில் தொங்கும் விலைச் சீட்டு, மஞ்சள் பொட்டலத்தின் மேலுறை ஆகிய யாவும் அங்கிருந்தே வருகின்றன. முன்னாளில் இவற்றுக்கான கைப்பிரதியை ஆள் மூலம் கொடுத்தனுப்பினோம். எழுத்துக் கோப்பவர் அதைப் பார்த்து ஈய எழுத்துக்களைக் கோத்தார். அச்சடித்து முடிந்ததும் எழுத்துக்கள் கலைக்கப்பட்டுத் தத்தம் அறைகளுக்குத் திரும்பின. கைப்பிரதி நம்மிடம் வந்து சேர்ந்தது. அச்சகத்தில் நம்முடைய விவரம் பெரும்பாலும் தங்கவில்லை.

இன்று நிலைமை வேறு. அங்கத்தினர் பட்டியல் ஒரு கோப்பாக மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பிலோ, பென்டிரைவிலோ அச்சகத்தை அடைகிறது. வேலை முடிந்து பில் தொகையும் கொடுக்கப்பட்ட பின்னரும் அக்கோப்பு அங்குள்ள கணிப்பொறியில் அப்படியே கிடக்கிறது. அதில் அங்கத்தினரின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், புகைப்படம் ஆகியவை உள்ளன. ஆதார் எண்ணும் சில வேளைகளில் சேர்ந்துவிடுகிறது. சங்க அலுவலகத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் பதிவேட்டின் முழு நகல், சாவியில்லாத இடத்தில் கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே, விலையையும் தாளின் தரத்தையும் ஒப்பிட்டு அச்சகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாம், அதன் கணிப்பொறிக் காவலையும் ஒப்பிட்டறிதல் வேண்டும். சைபர் பாதுகாப்பு என்று வழங்குவது இதுவே. நிபுணர் துணையின்றி ஒரு நிர்வாகக் குழு இதனை எவ்வாறு செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்ந்துள்ள இழப்புகள்

'அச்சகத்தைத் தாக்கி எவருக்கு என்ன இலாபம்?' என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நடந்தவற்றைக் காண்போம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஒன்டச்பாயின்ட் என்பது பிறருக்காக அச்சடித்து அஞ்சலில் அனுப்பும் நிறுவனம். 2022 ஏப்ரல் மாதம் அதன் கணிப்பொறிகளில் இருந்த கோப்புகள் அந்நியரால் பூட்டப்பட்டன. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் தம் வாடிக்கையாளர் விவரங்களை அங்கே கொடுத்திருந்தன. அதன் விளைவாக 26 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின.

2025 ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில் டாப்பன் நெக்ஸ்ட் டெக் என்னும் அச்சு நிறுவனம் இவ்வாறே தாக்கப்பட்டது. டி.பி.எஸ். வங்கியின் ஏறத்தாழ 8,200 வாடிக்கையாளர்களும், சீன வங்கியின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 வாடிக்கையாளர்களும் இதனால் பாதிக்கப்படக்கூடியவர் ஆயினர். வங்கிகளின் சொந்தக் கணிப்பொறிகளுக்கு ஊறு நேரவில்லை. ஆயினும் வாடிக்கையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு வங்கிகளைச் சார்ந்ததாயிற்று.

விவரம் வெளியேறாவிடினும் வேலை முடங்குதல் உண்டு. 2018 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் டிரிப்யூன் பப்ளிஷிங் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் நச்சு நிரல் புகுந்தமையால், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் உள்ளிட்ட நாளிதழ்கள் உரிய நேரத்தில் அச்சாகவில்லை. நம் நாட்டிலும் இதற்கு நிகரான படிப்பினை உண்டு. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்குண்டது. முன்னெச்சரிக்கையாக அந்நிறுவனம் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் அடங்கிய ஏறத்தாழ 300 வங்கிகளின் பரிமாற்றச் சேவை அதனால் தடைப்பட்டது. அது அச்சகமன்று, எனினும், நம் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அவருடைய பலவீனம் நம்முடைய பலவீனமாகிறது என்பதை அது தெளிவாகக் காட்டிற்று.

இவற்றோடு மூன்றாவது கேடு ஒன்றுண்டு, அது போலி. காஞ்சிபுரம் பட்டும் ஈரோட்டு மஞ்சளும் புவிசார் குறியீடு பெற்றவை. கைத்தறிக்கென 2006 முதல் 'ஹேண்ட்லூம் மார்க்' என்னும் முத்திரைச் சீட்டும் வழங்கப்பட்டு வருகிறது. நம் சங்கத்தின் சீட்டு, உறை ஆகியவற்றின் மூலக் கோப்பு வெளியேறினால், விசைத்தறித் துணிக்கும் கலப்பட மஞ்சளுக்கும் நம் பெயரையே அச்சிட்டு ஒட்டிவிடலாம். பல்லாண்டு உழைப்பால் ஈட்டிய நற்பெயர் ஒரு கோப்பில் அடங்கியிருக்கிறது. அன்றியும், அச்சகத்தின் மின்னஞ்சலைக் கைப்பற்றியவர், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது. பில் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துக' என்று சங்கத்துக்கு எழுதுவதும் எளிது.

கசிதல், முடங்குதல், போலியாதல் ஆகிய இம்மூன்றையும் மனத்திற்கொண்டே அச்சகங்களை ஒப்பிடுதல் வேண்டும்.

வெளித்தோற்றம் போதாது

பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிக் காவலுக்கு மதிப்பெண் வழங்கும் அமைப்புகள் இன்று உள்ளன. பிட்சைட் என்னும் அமெரிக்க நிறுவனம் 250 முதல் 900 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் தருகிறது. வேறு சில நிறுவனங்கள் பள்ளித் தேர்வைப் போலத் தர எழுத்துக்கள் இடுகின்றன. இவை இணையத்தின் வழியே வெளியில் நின்று நோக்குபவை. இணையதளத்தின் சான்று சரியாக உள்ளதா, தேவையற்ற வாயில்கள் திறந்துள்ளனவா, மின்னஞ்சலைப் போலி செய்வதற்குத் தடை உண்டா என்பன போன்றவற்றைக் கவனித்துக் கணக்கிடுகின்றன.

இம்முறை பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும். நாம் நாடும் சிறு அச்சகத்துக்குப் பெரிதும் உதவாது. ஏனெனில் சிறு அச்சகத்தின் இணையதளம் வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் ஜிமெயிலில் இருக்கிறது. வெளியிலிருந்து அளந்தால் கிடைப்பது இடம் கொடுத்தவருடைய மதிப்பெண்ணே ஆகும். வடிவமைப்பு அறையில் உள்ள கணிப்பொறியை எவர் திறக்கிறார், நம் பட்டியல் எத்தனை நாள் அதில் கிடக்கிறது என்பதை அம்மதிப்பெண் சொல்லாது.

சுவரில் மாட்டியுள்ள சான்றிதழையும் நின்று படித்தல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது தர மேலாண்மைக்கு உரியது. விவரக் காவலுக்கு உரியதன்று. விவரக் காவலுக்குரியது ஐ.எஸ்.ஓ. 27001. பாதுகாப்பு அச்சுப் பணிகளின் மேலாண்மைக்கென 2013-இல் வெளிவந்தது ஐ.எஸ்.ஓ. 14298. இவ்விரண்டில் ஒன்றை ஓர் அச்சகம் பெற்றிருந்தால் பாராட்டுக்குரியதே. அச்சான்று அந்நிறுவனத்தின் எந்தக் கிளைக்கு, எந்தப் பணிக்கு, எந்தத் தேதி வரை செல்லும் என்பதைச் சான்றிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு கேள்விகள்

நேரில் சென்று ஏழு கேள்விகள் கேட்பதே சிறு அச்சகத்தை அறியும் வழி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்; மொத்தம் 14. ஏற்பாடு ஏதுமில்லையெனில் சுழி. வாய்ச்சொல்லாகவோ அரைகுறையாகவோ இருந்தால் ஒன்று. முழுமையாக இருந்து கண்ணாரக் காட்டினால் இரண்டு.

முதலாவது: கோப்பு எவ்வழியே வருகிறது? வடிவமைப்பாளரின் சொந்தக் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் வந்தால், அவர் வேலையை விட்டுச் செல்லும்போது நம் பட்டியலும் அவருடன் செல்லும். அச்சகத்துக்கென ஒரே மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பு, அக்கடவுச்சொல்லைத் தனியே தொலைபேசியில் சொல்லும் வழக்கம் ஆகியவை இருப்பின் நன்று.

இரண்டாவது: எவரெவர் திறக்கலாம்? ஒரே கடவுச்சொல்லை அனைவரும் பயன்படுத்தினால், தவறு நேர்ந்தபின் எவர் திறந்தார் என்பதை அறிய இயலாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லுடன் கைப்பேசி வழியான இரண்டாம் உறுதிப்பாடும் வேண்டும்.

மூன்றாவது: கணிப்பொறியின் மென்பொருள் எவ்வளவு பழையது? பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் பேஜ்மேக்கர் கோப்புகளுக்காகவும், பிளேட் தயாரிக்கும் பொறியுடன் இணைந்திருப்பதற்காகவும் அச்சகங்கள் பழைய கணிப்பொறிகளை விடாது வைத்திருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொதுத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-லும் நின்றுவிட்டன. திருத்தம் ஏற்காத கணிப்பொறிக்கு என்ன நேரும் என்பதற்கு 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை நச்சு நிரல் சான்று. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளிவந்திருந்தது. அதனை ஏற்றாத கணிப்பொறிகளே பெரிதும் வீழ்ந்தன. பழைய கணிப்பொறியை விட இயலாத அச்சகம், அதனை இணையத்திலிருந்தும் பிற கணிப்பொறிகளிலிருந்தும் பிரித்து வைத்தல் வேண்டும்.

நான்காவது: காப்பு நகல் உண்டா? மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட விதி. கணிப்பொறியுடன் எந்நேரமும் செருகியே இருக்கும் வட்டு காப்பாகாது; கோப்பைப் பூட்டும் நச்சு நிரல் அதனையும் சேர்த்தே பூட்டிவிடும். நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் எடுத்துக்காட்டச் சொல்லலாம்.

ஐந்தாவது: வேலை முடிந்தபின் என்ன ஆகிறது? குறித்த நாளுக்குள் கோப்பு அழிக்கப்படுகிறதா? மின்னஞ்சலிலும், கைப்பேசியிலும், காப்பு நகலிலும் உள்ளவை என்ன ஆகின்றன? இதனோடு காகிதத்தையும் மறக்கலாகாது. பிழைபட்ட தாள்களும் சோதனைப் படிகளும் பழைய தாள் வியாபாரிக்குச் சென்றால், நம் அங்கத்தினரின் பெயரும் கணக்கு எண்ணும் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வந்து சேரும். தாள்களைக் கிழித்தழித்தலும், பிளேட்டுகளைச் சிதைத்தலும் காவலின் பகுதியே.

ஆறாவது: வேலை வேறெவரிடமும் செல்கிறதா? எண்ணிடுதல், லேமினேஷன், பைண்டிங் முதலியவற்றை வெளியே கொடுப்பது இத்தொழிலில் வழக்கம். அது குற்றமன்று. எவரிடம், எந்த விவரத்துடன் செல்கிறது என்பதை நமக்குச் சொல்லுதல் வேண்டும்.

ஏழாவது: கேடு நேர்ந்தால் நமக்கு எப்போது, எவர் சொல்வார்? நிறுவனங்கள் குறிப்பிட்ட வகைச் சைபர் நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவித்தல் வேண்டும் என 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணை கூறுகிறது. பண மோசடிக்கு 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். இவ்விரண்டையும் அறிந்து, சங்கத்துக்குச் சொல்லும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைத்துள்ள அச்சகத்துக்கு இரண்டு மதிப்பெண் தரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

முறை விளங்கும் பொருட்டு மூன்று அச்சகங்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் அச்சகத்துக்குக் கண்ணாடி முகப்பு, அழகிய இணையதளம், புதிய கணிப்பொறிகள் உள்ளன. கோப்புகள் ஊழியரின் கைப்பேசிகளுக்கு வருகின்றன (0). கடவுச்சொல் அனைவருக்கும் பொது (0). மென்பொருள் புதியது (2). காப்பு நகல் செம்மையாக உள்ளது (2). 'மீண்டும் கேட்பீர்கள்' என்று எல்லாக் கோப்புகளையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றனர் (0). வெளியே கொடுப்பதை வாய்மொழியாகச் சொல்கின்றனர் (1). அறிவிப்பதாகவும் அவ்வாறே சொல்கின்றனர் (1). ஆக மொத்தம் 6.

இரண்டாம் அச்சகம் ஒரு தந்தையும் மகளும் நடத்துவது. உதவிக்கு ஒரே ஊழியர். பூட்டிய கோப்பு ஒரே முகவரிக்கு வருகிறது (2). இருவர் மட்டும் தனித்தனிக் கடவுச்சொல்லுடன் திறக்கின்றனர் (2). வடிவமைப்புக் கணிப்பொறி பழையது, இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டுள்ளது, ஆயினும் பென்டிரைவ் செருகப்படுவதால் அபாயம் எஞ்சுகிறது (1). காப்பு வட்டு ஒன்றுண்டு. ஆனால் செருகியே இருக்கிறது (1). அழித்த தேதி குறித்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகின்றனர் (2). எல்லா வேலையும் உள்ளேயே நடைபெறுகிறது (2). அறிவிப்பு வாய்ச்சொல் (1). மொத்தம் 11.

மூன்றாம் அச்சகம் நடுத்தரமானது. முறையே 2, 1, 2, 2, 1, 0, 1 எனப் பெற்று மொத்தம் 9. வேலையை எவரிடம் வெளியே கொடுக்கிறது என்பதைச் சொல்ல மறுத்தமையால் ஆறாவதில் சுழி.

மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தலும் பொருந்தாது. வேலையின் தன்மையை நோக்குதல் வேண்டும். நம் வேலைகளை மூவகையாகப் பிரிக்கலாம். பண்டிகைத் தள்ளுபடி அறிவிப்பு போன்றவை ஊரறியச் சொல்வதற்கே அச்சாவன. அவற்றை மூவரில் குறைந்த விலையாளரிடம் கொடுக்கலாம். முன்பே அங்கீகரித்து வெளியிடவிருக்கும் ஆண்டறிக்கையில் மறைபொருள் குறைவு. ஆனால் பேரவைத் தேதி தவறலாகாது. ஆகவே அங்கே காப்பு நகல் குறித்த நான்காம் கேள்வி முதன்மை பெறும். மூன்றாம் அச்சகம் ஏற்றது. அங்கத்தினர் விவரம் அடங்கிய அட்டையும் புத்தகமும், நம் முத்திரை தாங்கிய சீட்டும் உறையும் மூன்றாம் வகை. இவற்றுக்கு 1, 2, 5, 6 ஆகிய கேள்விகளுள் ஒன்றிலேனும் சுழி பெற்ற அச்சகம் தகுதியற்றது. முதலாவதும் மூன்றாவதும் இங்கு நீங்கும். காப்பு வட்டை வேலை முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்க இசைந்தால், தந்தையும் மகளும் நடத்தும் சிறு அச்சகமே தேறும். அந்த இசைவுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை என்பது கவனிக்கற்பாலது. மாவட்டங்களில் இயங்கும் கூட்டுறவு அச்சகங்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நம்மவர் என்பதற்காக விலக்கு அளித்தல் தகாது.

சட்டமும் சங்கத்தின் கடமையும்

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. விவரத்தை எதற்காக, எவ்வாறு பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரே பொறுப்பாளி. வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அப்பொறுப்பு அவரை விட்டு நீங்காது. முறையான ஒப்பந்தத்தின் பேரிலேயே ஒப்படைத்தல் வேண்டும். தகுந்த காவல் செய்யத் தவறினால் விதிக்கத்தக்க தண்டத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. இடைப்பட்ட காலம் ஆயத்தத்துக்கு அளிக்கப்பட்டதேயன்றி உறக்கத்துக்கு அன்று.

சங்கம் தானே செய்யவேண்டியவை நான்கு.

ஒன்று, தேவையில்லாத விவரத்தை அனுப்பாதிருத்தல். அடையாள அட்டைக்கு வங்கிக் கணக்கு எண் எதற்கு? பட்டியலில் வேண்டாத பத்திகளை நீக்கிய பின்னரே அனுப்புதல் வேண்டும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுதலை 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் தடுக்கிறது. தவிர்க்க இயலாத இடத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வடிவத்தைப் பயன்படுத்தலாம். அனுப்பாத விவரம் அச்சகத்திலிருந்து கசிவதற்கு வழியில்லை.

இரண்டு, காவல் நிபந்தனைகளை விலைப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே சேர்த்தல். விலைப்புள்ளிகளைத் திறந்த பின் குறைந்த விலையாளரைக் காவல் போதாதென்று தள்ளினால், தணிக்கையில் ஆட்சேபணை எழும். வேண்டியவருக்குக் கொடுத்தார்கள் என்ற பழியும் சேரும். தகுதி நிபந்தனையாக முன்னரே அறிவித்துவிட்டால், தகுதி பெற்றோருள் குறைந்த விலையாளருக்கு வேலையைக் கொடுப்பதில் இடரில்லை. மதிப்பெண் தாளை நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன் இணைத்து வைத்தல் நலம்.

மூன்று, வேலை ஆணையில் சில வரிகள் எழுதுதல். முப்பது நாளுக்குள் கோப்பை அழித்து எழுத்து மூலம் தெரிவித்தல், நம் அனுமதியின்றி வெளியே கொடாமை, கேடு நேர்ந்தால் அன்றே அறிவித்தல் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும்.

நான்கு, வங்கிக் கணக்கு மாற்றம் குறித்துக் கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், அதிலுள்ள எண்ணை அழைக்காமல், முன்பே நம் பதிவேட்டில் உள்ள எண்ணை அழைத்து உறுதி செய்தல். செயலாளர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் இதனை விடலாகாது.

இத்தகைய கேள்விகளால் சிறு அச்சகத்தார் மனம் வருந்துவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. நூலின் எண்ணையும் சாயத்தின் உறுதியையும் நம்மிடம் கேட்டு வாங்குபவரை நாம் பகைவராகக் கருதுவதில்லை. குறையைச் சொல்லி ஒரு மாத அவகாசம் கொடுத்தால் அவர்களிற் பெரும்பாலோர் திருந்திக்கொள்வர். ஏனெனில் மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி பணத்தால் ஆவதன்று, பழக்கத்தால் ஆவது.

அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. அடுத்த பேரவைக் கூட்டத்தில், 'நம் பெயர்ப் பட்டியல் எந்தெந்த அச்சகத்திற்குச் சென்றது? அங்கே அது அழிக்கப்பட்டதா?' என்று கேட்பார்களாக. விடை சொல்ல நிர்வாகக் குழு முன்கூட்டியே ஆயத்தமாயிருக்குமாக. அதற்கு முன்னோடியாக, கடந்த மூன்றாண்டுகளில் வேலை கொடுத்த அச்சகங்களின் பட்டியலை ஒவ்வொரு சங்கமும் இம்மாதமே தயாரித்து, பழைய கோப்புகளை அழித்துத் தெரிவிக்குமாறு அவற்றுக்குக் கடிதம் எழுதுதல் நன்று.